அமாவாசையில் கக்கிய நூல்

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் கன்னியம்மா அடிக்க வருவாள். 1983, ஆடி அமாவாசை. ஆரணியில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

அவள் புருஷன் வேடியப்பன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். மூன்று மாதமாகக் காய்ச்சல். காலெல்லாம் ஊதா வரிகள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ரத்தக் குழாய்ங்க வீங்கிக் கெடக்குதும்மா. கல்லீரல்ல ஒண்ணு மொச்சைக்கொட்டையாட்டம் புடைச்சிருக்குது. அது வெடிக்கக் கூடாது" என்றார். மருந்து பிடிக்க ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை தாங்கினால் பிழைப்பான்.

அன்று ஐந்தாம் நாள். கொழுந்தன் ஜெயச்சந்திரனைக் கட்டிலருகே விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அவள் வீட்டுக்கு வந்தாள்.

மணி 2.20. அமாவாசைக்கு ஊரில் தறி ஓடாது, சாய அடுப்பும் எரியாது. ஆனால் பின்பக்கம் சத்தம் கேட்டது. சொட்... சொட்...

கம்பில் ஒரு சிட்டம், ஒரு கத்தைப் பட்டு நூல் தொங்கியது. அரக்குச் சிவப்பு. ஈ மொய்த்தது.

சாயம் நிற்காமல் வடிந்தால் நூல் 'கக்குது' என்பது சாயக்காரர் பேச்சு. அதற்கு ஒரே வைத்தியம், தண்ணீர் தெளிகிறவரை அலசுவது. கன்னியம்மாவுக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. தொட்டியில் முக்கினாள்.

நூல் சூடாக இருந்தது. அடுப்பு எரிந்தே ஐந்து நாள்...

விரலிடுக்கில் கொழகொழவென்று வழுக்கியது. கசாப்புக்கடைச் சாக்கடை நாற்றம். கட்டி கட்டியாகப் பிதுங்கியது, மேலே பச்சைப் பித்தம் மிதந்தது. சீ, கழுவித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு லீலா, "இன்னாக்கா, நூலு கக்குதா? நல்லா புழிஞ்சி வுடு" என்றாள்.

2.45. தண்ணீர் மாற்றினாள். மறுபடி சிவப்பு.

பிழிந்தாள்.

உள்ளே ஏதோ முனகியது...

பயத்தில் இன்னும் இறுக்கினாள்.

3.10. தண்ணீர் தெளிந்தது. கையில் வெள்ளை நூல். சாயமே காணாத வெள்ளை. சில்லென்று இருந்தது.

போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜெயச்சந்திரன் நின்றிருந்தான். "அண்ணன் பூட்டாரு அண்ணி. மூணு பத்துக்கு."

டாக்டருக்கே முகம் சரியில்லை. "உள்ள வெடிச்சிடுச்சும்மா. ஆனா வாந்தி இல்ல, பேதி இல்ல. வயித்துல ஊசி போட்டு இழுத்தோம், அங்கயும் ஒரு சொட்டு இல்ல. உடம்புல இருந்த ரத்தம் எங்க போச்சுன்னு தெரியல."

ஜெயச்சந்திரன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டரையிலேர்ந்து உங்க பேரச் சொல்லித்தான் கெஞ்சிகினே இருந்தாரு, அண்ணி. 'கன்னி, வலிக்குது... புழிஞ்சது போதும், வுட்டுடு'ன்னு."