விண்முரசின் கடைசி அத்தியாயம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அடுத்தவர் பேசி முடிக்கும் வரை மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே இளவேனிலின் உத்தியோகம். அகரத்தில் தக்காளி போடும் சோலைமலையின் மகள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, அரசாங்க வேலை வருகிறபோது வரட்டும் என்று இங்கே வந்து உட்கார்ந்தவள். ஆனால் சும்மா உட்காரத் தெரியாத பிறவி. கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது துபாய்க்குக் கத்திக்கொண்டிருக்க, வெளியே இவள் தன் கதை நோட்டில், வியாழனுக்குப் பக்கத்துப் பனிக்கோள் ஒன்றில் ஏழு பேரை இறக்கிக்கொண்டிருப்பாள்.

எதிரே முத்துச்சாமியின் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே சோறு போடும் வேலை. ஆடி வந்தால் முகூர்த்தம் கிடையாது. மெஷினும் தூங்கும், முத்துச்சாமியும் தூங்குவார். 1996 ஆடியில் என்னவோ அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"ஏம்மா, கிறுக்கிக்கிட்டே இருக்கியே, அம்புட்டும் என்னாது? குடு பாப்போம்" என்று வாங்கிக்கொண்டு போனவர், செத்த நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மனிதருக்குச் சின்ன வயதிலிருந்தே ராக்கெட் பைத்தியம். அது இளவேனிலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மெஷின் சும்மாதான கெடக்கு. இத ஒரு மாசப் பத்திரிகையா போடுறேன். ஆனா பொம்பளப்பிள்ள பேரு வேணாம்மா. வானத்துக்குப் போற கதைய எவன் நம்புவான்?"

இளவேனிலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருந்தாலும் அச்சில் வருகிற ஆசை கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. அவள் 'அணுச்செல்வன்' ஆனாள். 'விண்முரசு' பிறந்தது. அச்சகத்தில் தொலைபேசி இல்லாததால், அலுவலக எண் என்று பூத்தின் எண்ணையே போட்டுவிட்டார் முத்துச்சாமி.

முதல் இதழிலேயே ஒரு கூத்து. அச்சகத்தில் தாள் மடிக்கும் பேச்சாயி, பழக்கதோஷத்தில் அத்தனை பிரதிகளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அடுக்கிவிட்டாள். முத்துச்சாமி தலையில் அடித்துக்கொண்டார். "மஞ்ச தடவாம ஒரு காயிதத்த நான் வெளிய அனுப்புனதில்ல. இப்ப மட்டும் எதுக்கு அனுப்பணும்?" என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல். அட்டையில் நெருப்புக் கக்கும் ராக்கெட், மூலையில் மங்கல மஞ்சள். அப்படியேதான் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியது. விற்றும் போனது.

ஆவணி இதழைக் கல்யாண வேலைகளுக்கு நடுவில் திணித்து அடித்தார்கள். புரட்டாசி சொகுசாக வந்தது. ஐப்பசி தட்டுத் தடுமாறி வந்தது. கார்த்திகை வரவே இல்லை. மார்கழியில் ஐந்தாவது இதழ். அதில் இளவேனில் தன் ஏழு பேரையும் பனிக்கு அடியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, மூச்சுக்காற்று தீரப்போகிற இடத்தில் 'தொடரும்' போட்டாள். தை பிறந்தது. முகூர்த்தம் மேல் முகூர்த்தம். 'விண்முரசு' அத்தோடு மூச்சை விட்டது.

கடைசி அத்தியாயம் எழுதி முடித்து அவள் பையிலேயே கிடந்தது. சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்தாள். நடுவும் முதலும் இல்லாமல் முடிவை மட்டும் எவர் போடுவார்? முத்துச்சாமியிடம் கேட்டால், "முகூர்த்த வேல ஓயட்டும்மா" என்பார். திண்டுக்கல்லில் கல்யாணம் என்றைக்கு ஓய்ந்தது? அடுத்த ஆடியில் மெஷினைப் பழுது பார்க்கக் கழற்றிப் போட்டார், அதற்கடுத்த ஆடியில் தேர்தல் நேரம் மாதிரி அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் வந்து குவிந்தது.

இதற்கிடையில் பூத்துக்கு அழைப்பு வந்தபடி இருந்தது. முதலில் பலர், பிறகு சிலர், கடைசியில் ஒரே ஒருவர். பாலசமுத்திரம் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் மதியழகன்.

"ஏனுங்க, விண்முரசு ஆபீஸுங்களா? அந்த ஏழு பேரு மேல வந்தாங்களா இல்லீங்களா?"

"அச்சுல வரும், படிங்க."

"அணுச்செல்வன் சாரையாவது ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

"சார் வெளியூர் போயிருக்காரு" என்பாள். வாய் வார்த்தையாகச் சொல்லிவிட அவளுக்கு மனம் வரவில்லை. கதை என்றால் அது தாளில் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் அவள் பிடிவாதக்காரி.

1999 வைகாசியில் வடமதுரை பேட்டரிக் கடை இளஞ்செழியனுக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமானது. அன்றைக்கே அச்சகத்துக்குப் போனாள்.

"அண்ணே, முகூர்த்த வேலைன்னாதான உங்க மெஷின் ஓடும்? என் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் போடுங்க. அதுல இந்த அத்தியாயத்தப் போடுங்க. எம்பேர்லயே போடுங்க."

முத்துச்சாமி தாள்களை வாங்கிக்கொண்டார். "இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார். "என் செலவும்மா. சீரா வச்சுக்க."

அடுத்த முறை மதியழகன் அழைத்தபோது, தேதியையும் மண்டபத்தையும் சொல்லி, "அங்க வரும், வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வடமதுரையில் பிரவுசிங் சென்டர் வைத்தது, இரண்டு பிள்ளை பெற்றது, எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. கல்யாண மண்டபத்துக்கே வருவோம்.

தாலி ஏறியது. மடலை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மேடையிலிருந்து இளவேனில் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் முறைக்காரர் அதை விசிறியாக்கிக்கொண்டார். பெரியம்மா வெற்றிலையை மடித்தாள். இன்னொருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். இரண்டரை வருடம் பொத்திவைத்த முடிவு இதற்குத்தானா?

கடைசி வரிசையில் மட்டும் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார். பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், கையை மட்டும் அசைத்தார். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்து நேராக மேடைக்கு வந்தார்.

"நீங்கதான் அணுச்செல்வனுங்களா? இத்தன நாளா உங்ககிட்டயே உங்களக் கேட்டிருக்கறனுங்க!" என்றார். போனில் கேட்டுப் பழகிய மதியழகனின் குரல். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "கேப்டன அங்கயே விட்டுப்போட்டு வந்தது சரியில்லீங்க. எப்படியும் அந்த மனுசன் வந்துருவாருன்னு நெனச்சிருந்தனுங்க." அவர் கண் கலங்கியிருந்தது.

"உள்ள ஒருத்தர் நின்னு கதவப் பிடிச்சாத்தான் மத்த ஆறு பேரும் வெளிய வர முடியும்ங்க. நானும் எம்புட்டோ யோசிச்சுப் பாத்தேன்."

"கதவக் கயிறு போட்டுக் கட்டியிருக்கலாமுங்களே?"

"அந்தக் குளிர்ல கயிறு ஒடிஞ்சிரும்ங்க."

அவர் அதை யோசித்தார். பின்னால் பரிசுப் பொட்டலங்களோடு வரிசை நின்றது. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி முறைத்தார். "அதுவும் நெசந்தானுங்க" என்று மனமில்லாமல் ஒத்துக்கொண்டு, மடலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

இளஞ்செழியன் குனிந்து கேட்டான். "யாரு அவரு? உங்க பக்கத்துச் சொந்தமா?"

"சொந்தமில்லங்க. என்னோட வாசகரு" என்றாள் இளவேனில். தாலி ஏறும்போதுகூட அழாதவள், அப்போதுதான் அழுதாள்.