செலின் அக்காவின் வெள்ளிப் புனிதர்

புளித்தண்ணி கொதிக்கிற மணம்... பழைய கொலுசு, அரைஞாண் எல்லாம் அதுல முக்கி எடுத்தா கறுப்பு போயிடும். பாறசாலை ஜங்ஷன் பக்கம் ஒரு வெள்ளிக் கடை. தனுவச்சபுரம் காலேஜ்ல ஹிஸ்டரி படிச்சிட்டு, வேற வேலை கிடைக்காம, அங்கே பில் போடப் போனவள் நான்.

ஒரு நாள் பொழியூர் கடற்கரையில இருந்து செலின் அக்கா வந்தாங்க. வீட்டுக்காரர் கழுத்துல போடுற, புனிதர் படம் உள்ள வெள்ளி மெடல்ல வளையம் அத்துப்போச்சு, புதுசா பத்தவைக்கணும். மாமனார் காலத்து மெடலாம். முதலாளி காஸ் டார்ச்சைப் பத்தவச்சுட்டார். நான் சும்மா வாங்கிப் பார்த்தேன்.

மெடல் இல்ல... காசு.

சரியான வட்டம் இல்ல. சுத்தியலால அடிச்சு உண்டாக்கின காசு அப்படித்தான் இருக்கும். அச்சுல ஊத்தின போலிக்கு வர்ற வார்ப்புக் கோடும் ஓரத்துல இல்ல. தாடியில்லாத முகம், தலையில கிரீடம் மாதிரி இலைமுடி, பிடரியில தொங்குற நாடா. சுத்தி இருந்த எழுத்து பாதி தேஞ்சிருந்தது. கடை லென்ஸை வச்சு ஒவ்வொரு எழுத்தா கூட்டினேன். டிபேரியஸ், ரோம ராஜா. அந்தக் காலத்துல மிளகு வாங்க கப்பல்ல நம்ம கரைக்கு வந்த காசு. பாடத்துல படிச்ச காசு கையில... அவ்வளவு சந்தோஷம். டார்ச்சை அணைக்கச் சொன்னேன்.

செலின் அக்காவுக்குக் கவலை வேற. முந்தின வருஷம் ஒரு காத்துல வீட்டுக்காரர் போன வள்ளம் கரை திரும்பல. கழுத்துல கிடக்கிற புனிதர் அவரைக் கொண்டு சேர்த்தா, அந்தப் புனிதர் கோயிலுக்கே போய் மெழுகுதிரி கொளுத்துறேன்னு நேர்ச்சை நேர்ந்தாங்க. ஆளும் வந்து சேர்ந்தார். ஆனா இது எந்தப் புனிதர்னு ஊர்ல யாருக்கும் தெரியல. முள்முடி இருக்கு, அதனால ஏசுவேதான்னு சிலர். பின்பக்கம் நாற்காலியில இருக்கிற பொம்பளை மாதாதான்னு எல்லாரும். நேர்ச்சை தீராம வீட்டுக்காரரை மறுபடி கடலுக்கு அனுப்ப அக்காவுக்குப் பயம்.

"படிச்ச பிள்ளையில்லா மக்கா, பேரைச் சொல்லு. அந்தக் கோயிலுக்குப் போயிட்டு வாறேன்."

ஏதாவது ஒரு பேரைச் சொல்லி விட்டிருக்கலாம். முதலாளியும் கண்ணைக் காட்டினார். நம்ம வாய்தான் சும்மா இருக்காதே... இது புனிதர் இல்லக்கா, ரோம ராஜான்னு சொன்னேன். ஏசுவைச் சிலுவையில அறைஞ்சப்போ ஆட்சியில இருந்தவர், தலையில இருக்கிறது முள்ளு இல்ல, வெறும் இலைன்னும் சொன்னேன்.

அக்கா அதுக்கப்புறம் காசைத் தொடல. முகம் அப்படியே விழுந்துபோச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பார்த்துப் பார்த்து, கடைசியா விரல் நுனியால திருப்பிப் போட்டாங்க.

"அப்போ இவ ஆரு?"

உறுதியா சொல்ல முடியாது, ராஜாவோட அம்மைன்னு சொல்லுவாங்க, அப்படின்னேன்.

"அம்மையா?" காசை எடுத்து முந்தானையில முடிஞ்சாங்க. "மகன் எப்பிடிப்பட்டவனா இருந்தாலும் பெத்தவளுக்கு ஒரு மெழுகுதிரி உண்டு மக்கா. மாதா கோயில்லயே கொளுத்துறேன். அம்மைக்க சங்கடம் மாதாவுக்குத் தெரியுமாக்கும்."

வளையம் வேண்டாம், சூடு பட்டா காசு கெடும், துணியில வச்சு தச்சுப் போடுங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன். நேர்ச்சை தீர்ந்துச்சு, அவர் கடலுக்குப் போறார்னு அடுத்த தடவை கொலுசு மாத்த வந்தப்போ சொன்னாங்க.

இப்போ லென்ஸும் வேண்டாம், எழுத்துக்கூட்டவும் வேண்டாம். போன்ல காட்டினா ஆப் பேரைச் சொல்லிடுது. நேத்து, பழைய காசு சேர்க்கிறவங்க இருக்கிற நம்ம வாட்ஸ்அப் க்ரூப்ல ஒருத்தர் இதே மாதிரி காசு ஒண்ணோட ரெண்டு பக்கத்தையும் போட்டிருந்தார். டிபேரியஸ், டிபேரியஸ்னு வரிசையா பதில். அடுத்து, என்ன விலை போகும்னு கேள்வி. பின்பக்கத்து அம்மையைப் பத்தி ஒருத்தரும் பேசல.

நான் மட்டும் ஒரு மெழுகுதிரி எமோஜி போட்டேன். யாரு தவறிட்டாங்கன்னு ஒரு நண்பர் பதறிப்போய்க் கேட்டிருக்கார்...

அவருக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.