பல்செட்டுக்காரரின் கறுப்புக் கார்

முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய தலையணை, வாயில் கவ்விய டார்ச், தோளில் துண்டு. காரின் பின்கதவுக்கு முன்னால் மண்டியிட்டு, கன்னம் உரசிவிடுமோ என்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய்க் கதவைச் சாய்வாகப் பார்க்கிறார். ஒரு கண்ணை மூடுகிறார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறார். பிறகு டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு காரிடமே பேசுகிறார்: "இன்னும் இருக்கியா நீ? இரு, வரேன்."

தெருவில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்று பெயர். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பினால் அதற்குப் பொருத்தமாகப் பல்வரிசை செய்து கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. யாரைக் கண்டாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். ஆளை மறந்தாலும் பல்லை மறக்க மாட்டார். "கீழ்வரிசை கொஞ்சம் நெருக்கமா இருக்குமே, அவரா?" என்று கேட்பார். காரையும் அப்படியே பாகம் பிரித்து வைத்திருக்கிறார். பானட் முன்பல், கதவுகள் கடைவாய், டிக்கி ஞானப்பல். "கடைவாய்ல ஒரு பக்கம் முடிஞ்சுது" என்று அவர் போனில் சொல்வதைக் கேட்டால், விவரம் தெரியாதவர்கள் யாருக்கோ அறுவை சிகிச்சை நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

கார் பழையது. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில் போய்ப் பார்த்து வாங்கினார். நனைந்த கறுப்பு வண்டி எதுவும் அழகாகத்தான் தெரியும். மறுநாள் வெயில் அடித்ததும் சாயம் வெளுத்தது. பானட், கதவு, டிக்கி, எங்கே பார்த்தாலும் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள். முன்பு வைத்திருந்த புண்ணியவான் தண்ணீர் செலவில்லாமல், காய்ந்த துணியால் தூசியோடு சேர்த்துத் துடைத்தே குடித்தனம் நடத்தியிருக்கிறார். பல்செட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் காரில்லை, அவர் மனைவி, வீட்டுக்காரம்மா. தபால் கொடுக்கும் வேலை பார்த்தவர், நடந்தே ஊரை அளந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது காலை இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததோடு சரி, வாசற்படியைத் தாண்டவில்லை. வீட்டுக்குள் கைத்தடியோடு நடக்கிறார். "வெளியில வந்தா எல்லாரும் என் காலைத்தான் பார்ப்பாங்க" என்று ஒரே பிடிவாதம். அந்த அம்மாவை எப்படியாவது வெளியே அழைத்துப் போகத்தான் இவர் காரே வாங்கினார். அவரோ ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "இந்த அழுமூஞ்சி வண்டியில நான் ஏற மாட்டேன். முதல்ல அதைக் கண்ணாடி மாதிரி ஆக்குங்க, அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டார்.

தட்டிக்கழிக்கச் சொன்ன பேச்சு. பல்செட்டுக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மெருகேற்றுவது கைவந்த கலை என்கிற தைரியத்தில், பல்வரிசையைத் தேய்க்கும் நுரைக்கல் தூளைக் குழைத்து டிக்கியின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தார். வலை போனது, கூடவே பளபளப்பும் போனது. அடுப்புச் சாம்பலைப் பூசியதுபோல் ஒரு திட்டு மிஞ்சியது. காரோடு பெயிண்ட் கடைக்காரரிடம் ஓடினார். அந்த மனிதர் திட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, பல்செட்டு தேய்ஞ்சா வேற செஞ்சு மாட்டலாம். இது அப்படி இல்ல. கறுப்புக்கு மேல வெங்காயத் தோல் மாதிரி ஒரு பூச்சு இருக்கு. கீறல் எல்லாம் அதுலதான். கீறல் மறையற வரைக்கும் அதைச் சீவலாம். அதுக்கு மேல ஆசைப்பட்டா, பூச்சே காணாமப் போயிரும்."

அன்றிலிருந்து பயபக்தியோடு வேலை நடக்கிறது. ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவுகிறார். ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டுகிறார். மெருகு மெஷினின் ஸ்பான்ஜ் வட்டில் பயறளவு மெருகுப் பசை வைத்து, அதைக் குறுக்கும் நெடுக்குமாக ஆமை வேகத்தில் ஓட்டுகிறார். மெத்தென்ற துணியால் ஒற்றியெடுத்து, டார்ச் அடித்துப் பார்க்கிறார். உள்ளங்கையளவு இடம் தேறினால் அடுத்த உள்ளங்கைக்குப் போகிறார். பல்வரிசை கேட்டு வருகிறவர்களிடம், "பொறுத்துக்கோங்க, இன்னும் கொஞ்ச நாள் கஞ்சி குடிங்க" என்று கூசாமல் சொல்கிறார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு மேற்பார்வை செய்கிறவர் வீட்டுக்காரம்மா. கீறல் கண்டுபிடிப்பதில் கில்லாடி. "கைப்பிடிக்குக் கீழ பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். "கண்ணாடி ஓரத்துல?" அங்கேயும் இருக்கும். கடைசியில் எல்லாப் பக்கமும் தீர்ந்துபோன ஒரு காலையில், கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல கூரையில இன்னும் போகலையே" என்றார்.

அந்த ஜன்னலிலிருந்து காரின் கூரை தெரியாது. எட்டிப் பார்த்தாலும் தெரியாது. பல்செட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பயந்த முகம். "ஆமாமா, இருக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை எடுத்துவரப் போனார்.

கூரையும் முடிந்தது. பின்கதவில் மட்டும் ஆழமான கோடுகள் சில போகவே இல்லை. பெயிண்ட் கடைக்காரர் வந்து பூச்சின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "போதும்ணே, கையை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்செட்டுக்காரர் உள்ளே வந்து மனைவியின் எதிரில் உட்கார்ந்தார்.

"இனி தேய்க்க முடியாதும்மா. தேய்ச்சா இருக்கிறதும் போயிரும். கொஞ்சம் கோடு இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், என்ன?"

வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். மெஷின் சத்தம் ஓய்ந்த வீடு என்னவோபோல் இருந்தது.

"செருப்பை எடுத்துட்டு வாங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

படியில் இறங்கும்போது இவர் மனைவியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். தரையில் இறங்கியதும், "விடுங்க, நானே வரேன்" என்று அந்த அம்மா தனியாக நடந்தார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வீட்டுக்காரம்மாவும் அதைக் கவனித்தார். தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். காரை நெருங்கியபோது, கழுவின ஈரத்தில் கைத்தடி வழுக்கியது. சாயப்போனவர் சட்டென்று பானட்டில் கையை ஊன்றினார். மோதிரம் கர்ரென்று இழுத்துக்கொண்டு போனது. கறுப்பின் நடுவில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

சுட்டுக்கொண்டவர்போல் கையை எடுத்தார் அந்த அம்மா. "இவ்வளவு பாடுபட்டு... நான் உள்ளயே இருந்திருக்கணும்."

பல்செட்டுக்காரர் கோட்டின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கையைப் பிடித்து, மோதிரத்தோடு, பானட்டின் மேலேயே மறுபடியும் வைத்து அழுத்தினார்.