உறுமிக்காரனும் அழுகை வியாபாரிகளும்

இதை எழுதுகிறவன் முனீஸ்வரனை முதன்முதலில் பார்த்தது ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில். வேட்டி கட்டிய ஒருவர் அவன் முழங்கையைப் பிடித்து தேவிபட்டினம் பேருந்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். கண் தெரியாத பையன், தோளில் துணிப்பை. பாவம் தீரக் கடலில் முழுகுகிற நவபாஷாணத்துக்குத்தான் போவான், வேறெங்கே போகப்போகிறான் என்பது அவராக எடுத்த முடிவு. பையன் படிக்கட்டில் காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, நான் சிக்கலுக்குப் போறவன். உங்க பாவத்தக் கடல்ல கரைக்கணும்னா நீங்க போங்க. என்னைய எதுக்குத் துணைக்கு இழுக்குறிய?”

அவர் கையை விட்டுவிட்டு, உபகாரம் செய்ய வந்த மனிதரின் மனத்தாங்கலோடு நகர்ந்தார். எழுதுகிறவனுக்கும் சிக்கல் பேருந்துதான். பக்கத்து இருக்கை கிடைத்தது. மூன்று வருடப் பழக்கம் அங்கே தொடங்கியது. இனி வருவது அவன் வாயால் கேட்டது. கொஞ்சம் அவன் தங்கச்சி சத்யப்பிரியா சொன்னது.

துணிப்பையில் இருந்தது உறுமி. ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து எழும்புவதுபோல ஒரு சத்தம் வரும். மறுபக்கத்தில் நேர்க்குச்சி விழும். முனீஸ்வரன் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். பிறவியிலேயே பார்வை கிடையாது. அய்யாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். கூத்தையா என்கிற நாதசுரக்காரரின் மேள செட்டில் சேர்ந்து, கல்யாணம், காதுகுத்து, கட்சி ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் அவன்தான் உறுமி. சாமி காரியத்துக்கு மட்டும் கூத்தையா வெளியூரிலிருந்து வேறொரு ஆளை இரவல் வாங்குவார்.

காரணம், சாமி இறங்கி ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் உறுமிக்காரன் அடிக்க வேண்டும். சாமி மலையேறும்வரை அடி நிற்கக் கூடாது. நடுவில் நின்றுபோனால் சாமி அந்தரத்தில் தவிக்கும், ஆடினவர் சுருண்டு விழுந்துவிடுவார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கண்ணில்லாதவனை நம்பி அந்த வேலையைக் கொடுக்க எந்த ஊரும் தயாராக இல்லை. முனீஸ்வரனுக்கோ வேண்டியது அந்த வேலை ஒன்றுதான். சாமிக்கு அடிக்காதவனை யாரும் உறுமிக்காரன் என்று சொல்வதில்லை. மேளத்துக்கு வந்த பையன் என்பார்கள்.

அன்று அவன் சிக்கலுக்குப் போனது அதைக் கேட்கத்தான். அங்கே விழாக்குழுத் தலைவர் நாகநாதன், நெல்மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கண்ணில்லாம காலை எப்படிப்பா பாப்ப?”

“காலு தரையிலதான மிதிக்குது மாமா. சத்தம் கேக்கும்ல. உங்க ஊருச் சாமி காத்துலயா ஆடுது?”

“வாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டிவியில போயிப் பேசு, கை தட்டுவாங்ய. சாமி காரியம் வேற.”

நாகநாதன் வாய் முகூர்த்தமோ என்னவோ, சில மாதங்களில் தொலைக்காட்சியிலிருந்தே அழைப்பு வந்தது. ஒரு கல்யாண வீட்டில் அவன் வாசித்ததை யாரோ கைபேசியில் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘இருளுக்குள் ஒரு தீபம்’. பேசிய பெண் கவிப்ரியா, நிகழ்ச்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவள்.

“உங்க வாழ்க்கையிலேயே நீங்க ரொம்ப உடைஞ்சுபோன நாள் எது சார்?”

“உடைஞ்ச நாளா? போன கார்த்திகையில தேவிபட்டினத்துல ஒரு கல்யாணம். மழை. தோலு நமத்துப் போயி, உறுமுற உறுமி முனங்குச்சு. அன்னைக்குத்தான்.”

“அது இல்ல சார். கண்ணு சம்பந்தமா, எமோஷனலா ஏதாவது.”

“கண்ணு சம்பந்தமா எனக்கென்னம்மா தெரியும்? கண்ணு இருக்கவகளக் கேளுங்க.”

வேண்டாம் என்று வைத்துவிடத்தான் நினைத்தான். நாகநாதனின் நெல்மில் வாசல் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் ஞாயிறு தவறாமல் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக் கண்ணைத் துடைக்கிற ரகம். முழுதாக ஒரு சாமி அடி அடிக்க விட்டால் வருகிறேன் என்றான். கண்டிப்பா சார் என்றாள் கவிப்ரியா. அந்தத் தொழிலில் கண்டிப்பா என்ற சொல்லுக்கு மூச்சு விடுகிற அளவுக்குத்தான் மதிப்பு என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். அவன் கழற்றினான்.

“போட்டுக்கங்க சார். பார்வை இல்லன்னு ஆடியன்ஸுக்குத் தெரியணும்ல.”

“நீங்கதான் தண்டோரா போடப் போறியள்ல. இது வேற எதுக்கு?”

ஆனாலும் விடாமல் மறுபடி மாட்டிவிட்டார்கள். ஏசிக் குளிரில் உறுமியின் தோல் தளர்ந்துவிட்டது. சூடு காட்ட அங்கே நெருப்புக்கு எங்கே போவது? துணைக்கு வந்திருந்த சத்யப்பிரியா ஒப்பனை அறையில் தலைமுடி உலர்த்துகிற மிஷினைக் கேட்டு வாங்கி, உறுமியின் இரண்டு பக்கத்துத் தோலுக்கும் காட்டினாள். அதைக் கைபேசியில் படம் பிடித்தவர்கள் இருந்தார்கள். தோல் எதற்குக் காய வேண்டும் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

அடுத்தது நடை. தங்கச்சி ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிய வழியை மனத்தில் வாங்கிக்கொண்டு, முனீஸ்வரன் நேராக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. “இன்னொரு டேக் போலாம். கொஞ்சம் தடுமாறி வாங்க பிரதர்.” முனீஸ்வரன் எழுந்து போய், முன்னைவிட வேகமாக நடந்து வந்து உட்கார்ந்தான். அந்தக் குழுவில் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். படித்தால் புத்தி வரும் என்று நம்பி, களத்துமேட்டில் வெந்து பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற எங்கள் பக்கத்துத் தாய் தகப்பன்மாருக்கு இந்தக் கூட்டத்தைக் காட்டாமல் இருப்பது நல்லது. நம்பிக்கை போய்விடும்.

நிகழ்ச்சியை நடத்துகிறவரை எல்லோரும் அண்ணன் என்றார்கள். பேச்சில் பாகு வடிந்தது. எங்கிருந்தோ வயலின் அழ ஆரம்பித்தது.

“முனீஸ், பெத்த தாயோட முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு ஏங்கியிருக்கீங்களா?”

“இல்லண்ணே. அவுக சத்தமே தெருமுனை வரைக்கும் கேக்கும். அதுவே எங்களுக்குப் போதும்.”

பார்வையாளர் வரிசை சிரித்தது. சிரிப்பை வெட்டச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். அவனும் அதே பதிலை மறுபடி சொன்னான். பிறகும் கேட்டார்கள். அழுகைக்கு வலை வீசி வெறும் வலையை இழுத்து இழுத்து அலுத்துப்போன அண்ணன், ஒருவழியாக வாசிக்கச் சொன்னார்.

முனீஸ்வரன் குச்சியைத் தோலில் வைத்துத் தேய்த்தான். சாமியை அழைக்கிற அடி. மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். அது இன்னும் சூடுகூடப் பிடிக்கவில்லை, “சூப்பர், சூப்பர்” என்று அண்ணன் கைதட்டி முடிக்கப் பார்த்தார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு கொட்டாவி அவன் காதில் விழுந்தது. தூக்கக் கொட்டாவி இல்லை அது, சாமி இறங்கப்போகிற கொட்டாவி. நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிற, முடிவில் பல் நறநறக்கிற கொட்டாவி. கல்யாண வீடுகளில்கூட, வயசான பொம்பளைகளிடம் எப்போதாவது கேட்டிருக்கிறான். உடனே ஒரு குதிகால் பலகைத் தரையில் இடித்தது.

சாயல்குடிப் பக்கத்து இருளாயி அவள். சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. கைதட்ட ஆள் வேண்டும், மதியச் சாப்பாடு தருகிறோம் என்று அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். உறுமிச் சத்தம் இப்படிக் குறுக்கே வரும் என்று அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

“கட்” என்றது ஒலிபெருக்கி. முனீஸ்வரன் நிறுத்தவில்லை. அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் உதறிய உதறலில் அண்ணன் மைக்கோடு நாற்காலியில் உட்கார்ந்தார். குதிகால் இடது பக்கம் நகர்ந்தது, அடியும் கூடவே நகர்ந்தது. பலகை அதிர அதிர அவள் சுற்றினாள். அவன் ஒரு மிதியைக்கூட விடவில்லை. மூச்சு தணிந்து, மிதி தளர்ந்து, இறங்குகிற நேரம் வந்தது. தங்கச்சி முடிச்சில் வைத்திருந்த திருநீற்றை அவள் நெற்றியில் பூசினாள். சாமி மலையேறியது. முனீஸ்வரன் தேய்ப்பை மெல்லத் தணித்துக் குச்சியை எடுத்தான். கண்ணாடிக்குக் கீழே வேர்வை ஒழுகியது.

பிறகு டைரக்டரின் குரல் வந்தது.

“செமையா இருந்துச்சு. ஆனா ரெண்டாவது கேமரா இந்தப் பக்கம் திரும்பல. அந்த அக்காவை இன்னொரு தடவை சாமி வரச் சொல்லுங்க.”

“நீங்களே கூப்பிடுங்கண்ணே,” என்றான் முனீஸ்வரன். “கேமரா இருக்குன்னு சொன்னா சாமி ஒருவேளை ஓடியாந்தாலும் ஓடியாரும்.”

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. ஊரே டீக்கடையில் கூடியது. இருளாயி திரையில் இல்லவே இல்லை. சாமி அடியும் இல்லை. உறுமி தொடங்கும்போதே அண்ணனின் பேச்சு மேலே ஏறிக்கொண்டது. முழு நிகழ்ச்சியிலும் பெரிதாகக் காட்டியது ஒன்றைத்தான்: கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் வழிந்த வேர்வை. அதற்கு வயலின் போட்டு, ‘தாயின் முகம் காணாத கண்ணீர்’ என்று எழுத்தும் போட்டிருந்தார்கள். உழைத்து வேர்க்கிறவனை அவர்களில் எவனும் கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது.

“அழுதியாலே?” என்று கூத்தையா சந்தேகமாகக் கேட்டார்.

“வேர்த்துச்சுண்ணே.”

மறுநாள் நாகநாதன் போன் போட்டார். “தம்பி, நீ டிவியில அழுததப் பாத்து வீட்டுல ஒருத்தரும் சோறு திங்கல. திருவிழாவுக்கு வா, மேடையில சால்வை போடுறோம்.”

“சால்வை கெடக்கட்டும் மாமா. உறுமி அடிக்க விடுவியளா?”

“அதான் சொன்னேன்ல தம்பி. அது சாமி காரியம்.”

முனீஸ்வரன் போனை வைத்தான். அவன் கேட்டுப் போனது ஒன்று. அவன் சாமிக்கு அடித்ததைக் கண்ணால் பார்த்துக் காதால் கேட்ட ஒரே கூட்டம் அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டது.

ஆனால் ஆடினவளை வெட்ட முடியாது. ஸ்டுடியோவிலிருந்து கிளம்பும்போது இருளாயி சத்யப்பிரியாவிடம் எண் வாங்கிப் போயிருந்தாள். பங்குனி பிறக்கும் முன்னால் அவளிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, எங்க ஊரு அம்மனுக்கு வருசா வருசம் நாந்தான் ஆடுவேன். இந்த வருசம் நீங்க அடிக்கணும். குழுவுல மூஞ்சியச் சுளிச்சாங்ய. ஆடுறவ நானு, எவன் அடிச்சா எனக்கு எறங்குதுன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். வாய மூடிட்டாங்ய.”

அந்தப் பங்குனியில் அவன் சாயல்குடிப் பக்கம் போய் அடித்தான். அடுத்த வருடம் பக்கத்து ஊர் இரண்டும் கூப்பிட்டன. சிக்கல் கூப்பிடவில்லை, இன்றுவரை.

முனீஸ்வரன் இப்போது கூத்தையா செட்டில் முதல் உறுமி. சாமி காரியத்துக்கு இரவல் ஆள் வாங்குகிற வழக்கம் நின்றுவிட்டது. ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் அதே வீட்டில் அய்யா, அம்மாவோடு இருக்கிறான். சத்யப்பிரியாவைக் கமுதியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் பரமக்குடிப் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறான்.