டிரில் மாஸ்டர் நாய் பழக்கிய கதை

முப்பது வருஷம் ஒரே விசிலால் பள்ளிக்கூடத்தை ஆட்டிப்படைத்த டிரில் மாஸ்டருக்கு, மகள் வேலை மாற்றலாகிப் போனபோது விட்டுப்போன நாய் மட்டும் அடங்கவில்லை. கடைத்தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் அது பதறி ஓடும். கயிற்றைப் பிடித்தபடி அவரும் ஓடுவார். அன்று பழக்கடை முன்னால் கால் தடுக்கி விழப் பார்த்தார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். நாய் வீறிட்டுக் கத்தி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

பக்கத்தில் சாவி செய்கிறவர் எழுந்து வந்தார். "வணக்கம் சார். நான் உங்ககிட்ட ஏழாவது படிச்சேன். அது திமிருல ஓடல சார், பயத்துல ஓடுது." கொஞ்சம் தயங்கினார். "கிரவுண்டுல நீங்க என் காதைப் பிடிச்சு இழுத்தப்போ எனக்கும் இப்படித்தான் டவுசர் நனைஞ்சுபோச்சு."

குரலில் கோபமே இல்லை. மாஸ்டருக்கோ அந்த முகம் ஞாபகத்துக்கே வரவில்லை. அதுதான் அவரை இன்னும் கூனிக்குறுக வைத்தது. இன்னும் எத்தனை பேரோ!

"தப்புப் பண்ணிட்டேன்பா" என்றார் மாஸ்டர்.

"ஐயோ, விடுங்க சார்" என்று சாவிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மாஸ்டர் அதில் உட்காரவில்லை. தரையில் குந்தி, நாயின் கழுத்துப் பட்டையை ஒரு துளை தளர்த்திவிட்டார்.

இப்போதெல்லாம் நாய் மிரண்டால், அது தெளியும்வரை அவரும் நின்றுவிடுகிறார். அரை மணி நேரத்தில் பத்துக் கடை தாண்டினால் பெரிசு. சாவிக் கடையைக் கடக்கும்போது மட்டும் அவர் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.