எஸ்தர் அக்கா கையெழுத்துப் போடாத பெட்டிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் பேக்கிங் பிரிவு மேரி சொன்னாள்: "எஸ்தர் அக்கா பூட்டாங்கடி. மாரடைப்பாம்." நான் நம்பவில்லை. அவர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

கேட்டுப் பார்க்காமல் நான் ஏன் நம்பவில்லை என்பது அவரை அறிந்தவர்களுக்குப் புரியும். தேர்வாய் கண்டிகைப் பக்கம் எங்கள் கோழிக்கறித் தொழிற்சாலையில் நானும் அவரும் தரப் பரிசோதகர்களாக இருந்தோம். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் புதுக் கையுறை வரும் தொழில் இது. எஸ்தர் அக்கா வெப்பமானியைப் பார்த்துவிட்டு, புறங்கையால் பெட்டியையும் தொடுவார். "மிஷினுக்கு இன்னா, சொன்னதையே சொல்லிக்கினு இருக்கும்." கேன்டீன் குழம்பைக்கூட முகர்ந்துதான் சாப்பிடுவார். நாங்கள் சிரிப்போம்.

இரண்டு கோடைக்கு முன் ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது, குளிர் அறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் மேனேஜர். வெப்பநிலைப் பதிவுத்தாளில் எல்லா மணிக்கும் ஒரே எண்.

"காத்தாலருந்து கதவே தொறக்கலியா சார்?" என்று கேட்டு, அக்கா ஒரு பெட்டியைப் பிரித்தார். பாக்கெட்டின் மூலையில் நீர் வழிந்து, சிவப்பாக மறுபடி உறைந்திருந்தது. "இது கரைஞ்சி திரும்பக் கட்டிக்கினது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார். போட்டுவிட்டேன். அப்போது எனக்குச் சந்தேகம் அக்காமேல்தான். வேறு கம்பெனிக்காரன் யாராவது ஏவிவிட்டிருப்பானோ? மறுநாளே அவரைக் கழிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் நாள் லாரி திரும்பி வந்தது. நாற்றம் என்று வாங்கியவர்கள் சரக்கை இறக்கவேயில்லை. விசாரணையில் மேனேஜர் என் கையெழுத்தைக் காட்டினார். எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டார்கள். என்னைத் தொலைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ தரப் பதிவேட்டைத் திறந்து, அன்றைக்கே எழுதிவைத்திருந்த தன் மறுப்பைக் காட்டினார். "இவ போட்டது தப்புதான். ஆனா இவகிட்ட வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தாளு பொய்யி."

என் வேலை தப்பியது. மேனேஜர் வேறு கிளைக்குப் போனார். அக்காவை மட்டும் எங்கள் பிரிவுக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை.

"என்மேல கோவமா அக்கா?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"கோவம் இல்ல வசந்தா. ஆனா இனிமே உன்ன நம்ப மாட்டேன். நாஷ்டா துன்னியா?"

கடைசிவரை என்னோடு சாப்பிட்டார். கடைசிவரை நம்பவில்லை.

தொழிற்சாலை வாசலில் 'நிர்வாகத்தின் நம்பிக்கைக்குரியவர்' என்று அவருக்குப் பேனர் வைத்திருக்கிறார்கள். யார் எழுதியது என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் பேனாவைத் திறக்காத பழக்கம், அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. நேற்றும் ஒரு சரக்குக்கு மாட்டேன் என்றேன். புது மேனேஜர் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைப் பரிசோதகரிடம் போனார்.