கறிவேப்பிலைக்கு ஊற்றிய மோர்

கனடாவில், மொன்றியலில் எனக்குக் கீழ்வீட்டு அக்கா, தாய்க்குக் கடுமையான நோய் என்று இலங்கைக்கு, மன்னாருக்குப் போகும்போது, பன்னிரண்டு வருடமாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியை என்னிடம் விட்டுப்போனார். "பனிக்காலத்தில அது வளராது தம்பி. இடைக்கிடை கொஞ்சமாத் தண்ணி விடுங்கோ, அதுவே காணும்."

வளராமல் நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் எங்கள் வீட்டு வழக்கப்படி வாராவாரம் புளித்த மோர் ஊற்றினேன். இலையெல்லாம் கொட்டிவிட்டது.

அக்கா திரும்பியதும், "ஜன்னல் குளிர்ல பட்டுப்போச்சுக்கா" என்றேன். அவர் மண்ணை முகர்ந்தார். புளிச்ச வாடை எனக்கே அடித்தது. பிறகு தண்டை நகத்தால் சுரண்டினார். "உள்ளுக்குப் பச்சை கிடக்கு. கவலைப்படாதேங்கோ."

தாயை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் என்னைத் தேற்றினார்.

அழுகிய வேரை வெட்டி, வேறு மண்ணில் வைத்தார். கோடையில் துளிர்த்த முதல் கொத்தையும் எனக்கே தந்தார். திட்டியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். இப்போது படிக்கட்டில் அவர் காலடி கேட்டால், அது அடங்கும்வரை கதவைத் திறப்பதில்லை.